நாற்பத்து மூன்று ரேகைகளும் ஒரு காலி இடமும்

என் ஆபீஸ் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. இருபத்தைந்து வருஷமாகப் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பஸ் மோதிய கேஸ், இவற்றில்தான் என் பிழைப்பு. எதிர்த்தரப்புக்காரர் பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் இருப்பார். சம்மன் வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாலும் சாயங்காலம் டீக்கடையில் பிடித்துவிடலாம். கடல் தாண்டி இருக்கிற ஒரு கம்பெனி, தான் ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் இழுத்தடித்தபோது அவர்களை எந்த டீக்கடையில் போய்ப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் வெட்கப்பட வேண்டிய இடம் வேறு, அது பின்னால் வருகிறது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இன்னும் ஆறேழு கிலோமீட்டர் போனால் ஒரு சின்ன ஊர். நாற்பத்து மூன்று வீடுகள். எல்லா வீடுகளும் சேர்ந்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று ஓர் உழவர் கம்பெனி பதிவு செய்திருந்தார்கள். பதிவுக்கான காகிதங்களை எழுதிக் கொடுத்தவள் நான். கம்பெனிக்குத் தலைவி முப்பத்தைந்து வயதுப் பெண், பிளஸ் டூ வரை படித்தவள். சவ்வரிசி மில்லுக்காக மரவள்ளி போட்டுப் போட்டு மண் வீணாகிறது என்று வீடு வீடாகப் போய்ப் பேசி, எல்லாரையும் மறுபடி சாமை விதைக்க வைத்தவள். பேசிப் பேசியே ஆளைக் கரைத்துவிடுவாள். நானே இரண்டு முறை கரைந்து பாதி ஃபீஸோடு விட்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் தானிய வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி எங்கேயோ விசாரித்து இவர்களைத் தேடி வந்து சாமை அரிசி கேட்டது. முதல் லோடு போனது. அந்த லோடில் கல் இருந்தது.

மலையில் களம் என்றால் பாறைதான். அந்த வருஷம் விளைச்சல் ஜாஸ்தி, பாறையில் இடம் போதவில்லை. புதிதாகப் போட்டிருந்த தார் ரோட்டில் கதிரைப் பரப்பி அடித்துவிட்டார்கள். ரோட்டின் ஜல்லிப்பொடி சாமையோடு சாமையாகச் சின்னசேலம் கோடவுனுக்கு வந்து, அங்கிருந்து கப்பலும் ஏறிவிட்டது. வாங்கியவர்கள் பைகளைத் திருப்பி அனுப்பியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த கடைக்காரர்கள், மலேசியாவில் தானியம் வாங்குகிறவர்கள், சென்னையில் இருக்கிற ஏற்றுமதிக்காரர்கள் என்று எல்லாருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். எடை கூட்டுவதற்காக இந்தக் குழு வேண்டுமென்றே கல் கலக்கிறது, ஜாக்கிரதை என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு கோடவுனில் இருந்த மீதிச் சாமையை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

தலைவி அந்தக் கடிதத்தோடு என் ஆபீஸுக்கு வந்தாள்.

"கல்லு இருந்துச்சுங்க, இல்லன்னு சொல்லல. ரோட்டுல போட்டு அடிச்சது எங்க தப்பு. ஆனா நாங்க கலந்தோம்னு எழுதிக்கிறாங்களே, அத வாபஸ் வாங்கணும்."

கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் ஆகும் என்றேன்.

"எனக்கு வர்ற ஆடி வரைக்கும்தாங்க டைம்."

ஆடிக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். அவள் வீட்டுக்காரர் ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போய், அங்கே பிடிபட்டு ஏழு மாதம் ஜெயிலில் இருந்தவர். கூட்டிப்போன மேஸ்திரியே அங்கே வக்கீல் வைத்து ஜாமீனில் எடுத்துக் கொண்டுவந்து மலையில் விட்டிருக்கிறார். அதற்குப் பதிலாக இன்னொரு முறை கூட வரவேண்டும் என்பது பேச்சு. இவள் குறுக்கே நின்றாள். கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள்: சாமை விற்று, அடுத்த விளைச்சலுக்கும் வாங்க ஆள் இருந்தால் அவர் மலையிலேயே இருப்பார், மேஸ்திரி கேட்க மாட்டார். ஆடிப் பதினெட்டு வரைக்கும் அப்படி ஒருத்தரும் வரவில்லை என்றால் அவர் வண்டி ஏறுவார்.

"இந்தக் கடுதாசி அப்டியே கெடந்தா எவன் வாங்க வருவான்? இன்னொருக்கா போனா மனுசன் முழுசா திரும்பி வருவாரான்னு தெரியாதுங்க," என்றாள்.

அவள் அழவில்லை. கீழே குரல் கொடுத்து டீ வரவழைத்தேன்.

நல்லவேளை, வியாபார ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் முதலில் சமரசம் பேச வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரி, போட்டவனுக்கே அது இருப்பது தெரிந்திருக்காது. அதைப் பிடித்துக்கொண்டேன். இரு தரப்புக்கும் சம்மதமான சமரசர் ஒருவர் அமைந்தார், சேலத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. ஐப்பசியில் ஒரு நாள் அவர் ரயிலில் சின்னசேலம் வந்து இறங்கி, பஸ் பிடித்து என் மாடிக்கு ஏறி வந்தார். எங்கள் தரப்பில் நானும் தலைவியும். லேப்டாப் திரையில் சிங்கப்பூர் கம்பெனியின் டைரக்டரும் அவருடைய வக்கீலும். உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது சமரசத்தின் முதல் விதி, அதனால் சொல்ல மாட்டேன். டீ நான்கு முறை வந்தது, கரண்ட் இரண்டு முறை போனது, இதைச் சொல்வதில் தப்பில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்தது. மூன்றே விஷயம். மலைக்காரர்கள் புது விளைச்சலில் இருந்து, பாறையில் அடித்த சுத்தமான சாமையை மாற்றாக அனுப்ப வேண்டும். அது கைக்குக் கிடைத்த முப்பது நாளுக்குள் கம்பெனி, முன்பு யார் யாருக்குக் கடிதம் அனுப்பியதோ அவர்கள் எல்லாருக்கும், கலப்படம் என்று எழுதியது தவறு என்று மறு கடிதம் அனுப்ப வேண்டும். அதோடு இரு தரப்புக்கும் இதில் வேறு வழக்கு இல்லை. சிங்கப்பூர்க்காரர் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் கையெழுத்திட்டு அனுப்பினார். சமரசர் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டார். எங்கள் கம்பெனியின் முத்திரை மலையில் இருந்தது.

"எடுத்துக்கொண்டு போய், முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பும்மா," என்று காகிதத்தைத் தலைவியிடம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பஸ் கண்டக்டர் கையில் கவர் வந்தது. நான் அன்றைக்கு ஒரு விபத்து வழக்கில் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்யும் அவசரத்தில் இருந்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன், முத்திரை ஊதா நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நான் பார்த்தது முத்திரையை. கீழே ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினேன். இருபத்தைந்து வருஷமாக ஜூனியர்களை, கடைசிப் பக்கம் பார்த்தாயா, கடைசிப் பக்கம் பார்த்தாயா என்று உயிரை எடுத்தவள் நான். அன்றைக்கு என்னைக் கேட்க யாரும் இல்லை.

மலைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மார்கழியில் அறுவடை முடிந்ததும் பாறையில் அடித்து, புடைத்து, பெண்கள் உட்கார்ந்து கண்ணாலேயே பொறுக்கி அனுப்பினார்கள். தை மாதம் சரக்கு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. சரக்கு நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்து செய்தி வந்தது. முப்பது நாள் போனது. மறு கடிதம் போகவில்லை. நான் மெயில் அனுப்பினேன், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மறுபடி அனுப்பினேன், மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள். மூன்றாவது மெயிலில் எனக்குள் இருக்கிற கள்ளக்குறிச்சிக்காரி கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டாள். அதற்குத்தான் பங்குனியில் அவர்களுடைய வக்கீலிடமிருந்து பதில் வந்தது.

சமரச உடன்படிக்கையே செல்லாது என்று அதில் இருந்தது. உழவர் கம்பெனியின் சார்பில் கையெழுத்திட வேண்டியவர் கையெழுத்திடவில்லை, அந்த இடம் காலியாக இருக்கிறது, பக்கத்தில் யாருடையவை என்றே தெரியாத நாற்பத்து மூன்று கட்டைவிரல் ரேகைகள் இருக்கின்றன, ஆகவே எங்களை இது கட்டுப்படுத்தாது.

பீரோவைத் திறந்து அசலை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது உண்மை. கையெழுத்துக் கோட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. அதன் கீழே முத்திரை. முத்திரையைச் சுற்றியும் பின்பக்கம் முழுக்கவும் ரேகைகள், ஒரு பெயர்கூட எழுதாமல்.

தலைவியை வரச் சொன்னேன். அவள் வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன். படித்தவள்தானே நீ, கோடு போட்டு உன் பேரை டைப் பண்ணி வைத்திருக்கிறேனே, அது கண்ணில் படவில்லையா, ஊரைக் கூட்டி ரேகை வைக்க இது என்ன ஓட்டா என்று தாறுமாறாகக் கத்தினேன். கோபம் வந்தால் என் குரல் கீழே ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் கேட்கும்.

அவள் நான் முடிக்கும் வரை நின்றாள்.

"எங்க ஊர்ல ராஜின்னா எல்லா வூட்டு கையும் வுழணுங்க," என்றாள். "ஒருத்தர் கை மட்டும் வுழுந்தா அது ராஜி இல்ல, குத்தத்த ஒத்துக்கினதா ஆயிடும். ஃபாரஸ்ட் ஆபீஸ்ல தனியா நிக்க வெச்சுத்தான் கையெழுத்து வாங்குவாங்க. ஸ்டேஷன்லயும் அப்டித்தான். எங்க வூட்டுக்காரரு ஆந்திராவுல, தெலுங்குல எழுதின பேப்பர்ல தனியாத்தான் போட்டாரு. இன்னா எழுதிக்கிதுன்னே தெரியாது. அதுக்குத்தான் ஏழு மாசம்."

ஆனாலும் வக்கீல் புத்தி விடவில்லை.

"சரி, எழுதத் தெரிந்தவர்களாவது கையெழுத்துப் போட்டிருக்கலாமே? நீ ஏன் ரேகை வைத்தாய்?"

"பாதி பேரு எழுதி, பாதி பேரு ரேகை வெச்சா, எழுதினவன் பெரிய ஆளுன்னு ஆவாதுங்களா? கூட்டத்துல எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னுதான் எல்லாருமே ரேகை வெச்சோம்."

என் குமாஸ்தா அறுபது வயதுக்காரர், என்னை எதிர்த்துப் பேசத் துணிந்த ஒரே ஆள். மூலையில் கட்டுகளுக்கு நூல் போட்டபடியே சொன்னார்: "பேப்பர் வந்த அன்னிக்கு நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. அந்தப் பொண்ணு மேல ஏம்மா பாயறீங்க?"

அவளை உட்காரச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். என் தொழிலில் நான் கட்சிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள், பரவால்லங்க என்று சொல்லிவிட்டு உடனே, ஆடிக்கு இன்னும் நாலு மாசம் இருக்குது என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாட்டில் சமரசமாகப் பேசி முடித்த வியாபாரத் தகராறை, இன்னொரு நாட்டுக் கோர்ட்டில் நேரே காட்டி நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்திருக்கின்றன. அதன் பெயரிலேயே சிங்கப்பூர் இருக்கிறது. நம் நாடும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது, ஆனால் நான் இதை எழுதும் வரை அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. நமக்கென்று தனியாகச் சமரசச் சட்டம் வந்திருக்கிறது. இங்கே நடந்த சமரசத்தைக் கோர்ட் தீர்ப்பின் டிகிரி போலவே நிறைவேற்றலாம் என்கிறது அது. ஆனால் டிகிரியை வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் நான் எதை ஜப்தி செய்வது? அந்தக் கம்பெனிக்கு இந்த ஊரில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. நல்லவேளையாக, சிங்கப்பூரில் அந்த உடன்படிக்கை சட்டமாகவே நடப்பில் இருக்கிறது. சமரசம் எந்த நாட்டில் நடந்தது, கேட்டு வருகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று அவர்கள் பார்ப்பதில்லை. வழி அங்கேதான் இருந்தது.

என் கல்லூரித் தோழியின் நாத்தனார் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்து வக்கீலாக இருக்கிறாள். அவளைப் பிடித்தேன். புத்தகத் தமிழில் அழகாகப் பேசுகிறவள். "இரண்டு செய்திகள் தேவை, அம்மா. இரு தரப்பினரும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். சமரசத்தின் வழியாகத்தான் முடிவு எட்டப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும்," என்றாள். இரண்டாவதற்குக் கவலையில்லை, சமரசரின் கையெழுத்து கல் மாதிரி இருந்தது. முதலாவதுதான் எங்கள் தலைவலி.

யோசித்து யோசித்து இருவரும் ஒரு வாதத்துக்கு வந்தோம். நாற்பத்து மூன்று ரேகைகளும் நாற்பத்து மூன்று பங்குதாரர்களுடையவை. கம்பெனியில் இருக்கிற ஒருவர்கூட விடுபடவில்லை. கம்பெனியின் முத்திரையும் பக்கத்தில் இருக்கிறது. சொன்னபடி சரக்கு போனது, எதிர்த்தரப்பு வாங்கி விற்றும்விட்டது. இதற்கு மேல் ஒரு கம்பெனி எப்படித்தான் கையெழுத்துப் போடும்? இதைத் தலைவி ஒரு பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும், அந்த ரேகைகளில் தன்னுடையது எது என்று காட்டவும் வேண்டும்.

"எது உன்னுடையது?" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். "தெரியலியேங்க," என்றாள்.

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பூதக்கண்ணாடி வாங்கி வந்து, அவள் கட்டைவிரலையும் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். சின்ன வயதில் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்ட தழும்பு ஒன்று அவள் விரலில் குறுக்கே ஓடியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குமாஸ்தாதான் கண்டுபிடித்தார், பின்பக்கம் மூன்றாவது வரிசையில், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்த ரேகை. லாட்டரி விழுந்த மாதிரி மூன்று பேரும் சிரித்தோம். அந்தத் தழும்பு வாக்குமூலத்தில் ஐந்தாவது பாராவாக ஏறியது.

இது முடியவே சித்திரை போய்விட்டது. பிறகு மீதி நாற்பத்திரண்டு வீட்டாரும், ஆமாம் நாங்கள்தான் வைத்தோம் என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. அதற்காக நானே மலைக்குப் போனேன். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் மூன்று தடவை பார்த்தேன்.

வைகாசியில் நோட்டரி முன்னால் அவள் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. வாக்குமூலம் என்பது ஒருத்தர் தருவது. அதில் தனியாகத்தான் போட்டாக வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது. ஊரில் பெரியவர்கள் இரண்டு பேர் அவளைத் தடுத்திருக்கிறார்கள். நீ தனியாப் போட்டா கலந்தது நீதான்னு ஆயிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் நோட்டரியின் மேஜை வரைக்கும் வந்து பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஒரு வரி சேக்க முடியுங்களா வக்கீலம்மா?"

"என்ன வரி?"

"இது குத்தத்த ஒத்துக்கினு போடற கையெழுத்து இல்லன்னு."

சட்டப்படி அந்த வரிக்கு ஒரு வேலையும் இல்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் கடிந்திருப்பேன். ஆபீஸுக்குத் திரும்பி, ஏழாவது பாராவாக அதைச் சேர்த்து, புதிதாக அச்செடுத்துக்கொண்டு வந்தேன். அவள் முழுதும் படித்தாள். ஏழாவது பாராவை மட்டும் இரண்டாம் முறை படித்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள். பிறகு சிங்கப்பூர் வக்கீல், ஏழாவது பத்தி எதற்காக என்று கேட்டபோது, அது இருக்கட்டும், அதைத் தொடாதே என்று மட்டும் சொன்னேன்.

சென்னையில் அரசு முத்திரை வாங்கி, மொழிபெயர்ப்பு இணைத்து எல்லாம் அனுப்ப ஆனி வந்துவிட்டது. அங்கே விண்ணப்பம் போட்டார்கள். எதிர்த்தரப்பு ரேகை விஷயத்தில் பதில் சொல்ல அவகாசம் கேட்டது, கோர்ட் கொடுத்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. கையெழுத்து ஒழுங்காக இருந்திருந்தால் கேட்பதற்கே அவர்களிடம் ஒன்றும் இருந்திருக்காது. விசாரணை ஆவணியில் என்று தேதி வந்தது.

ஆடிப் பதினைந்தாம் தேதி எனக்குப் பொறுக்கவில்லை. தலைவியிடம் நம்பர் வாங்கி மேஸ்திரிக்கே போன் போட்டேன். முரட்டு ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், மரியாதையாகப் பேசினார்.

"கோர்ட் உத்தரவு வரப்போகிறது, ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்," என்றேன்.

"நான் இன்னாங்க கையப் புடிச்சு இழுத்துக்கினா போறேன்?" என்றார். "ஆடிப் பதினெட்டுன்னு சொன்னது அவருதான். வரலன்னு அவரு சொல்லட்டும், நான் போயிக்கினே இருக்கேன்."

உடனே அவள் வீட்டுக்காரரிடம் பேசினேன். அதற்கு முன்பு அவரோடு நான் பேசியதே இல்லை. நான் சிங்கப்பூர், உடன்படிக்கை, விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உத்தரவு வந்துச்சாங்க?"

"வந்துவிடும்."

"வந்துச்சான்னு கேட்டேங்க."

"இன்னும் இல்லை."

"ஜெயில்ல கெடந்தப்ப அந்தாளுதாங்க வந்து எடுத்தாரு. சொல்லிட்டேன், நிக்கணும்ல," என்றார். பதினெட்டாம் தேதி காலையில் கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று அவள் போனில் சொன்னாள்.

ஆவணி மூன்றாம் வாரத்தில் உத்தரவு வந்தது. நீதிபதி கேட்டது ஒரே கேள்விதானாம்: பங்குதாரர்களில் ரேகை வைக்காதவர் யாராவது உண்டா? இல்லை என்றதும் எங்கள் உடன்படிக்கையைக் கோர்ட் உத்தரவாகப் பதிவு செய்துவிட்டார்கள். கம்பெனி நான்காம் நாளே மறு கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பியது. கல் இருந்தது, கலப்படம் இல்லை, முன்பு எழுதியது தவறு. அந்த வாரமே இரண்டு பேர் கோடவுனுக்கு வந்து சாமையைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள். ஒருவர் வரப்போகும் விளைச்சலையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கோர்ட்டில் எனக்குச் சிங்கப்பூர் வக்கீல் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வக்கீல் சங்கத்தில் ஒருவர் காபி வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்தக் காபி இறங்கவில்லை.

ராத்திரி பகல் பாராமல் நான் மனதுக்குள் போட்ட கணக்கு ஒன்றுதான். அந்தக் கோட்டின் மேல் ஒரு கையெழுத்து இருந்திருந்தால் பங்குனியிலேயே விண்ணப்பம் போட்டிருப்போம், ஆனிக்குள் உத்தரவு வந்திருக்கும். மூன்று மாதத்தைத் தின்றது அந்தக் காலி இடம். அதைப் பார்க்காமல் அனுப்பியவள் நான். இந்த வழக்கில் எல்லாரும் தப்புச் செய்தோம், ஆனால் என் தப்பு மட்டும்தான் சோம்பேறித்தனம்.

மறு கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு நானே மலைக்குப் பஸ் ஏறினேன். அவள் தன் நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் இல்லை என்று நிலத்தைச் சும்மா போடவில்லை, தனியாகவே சாமை விதைத்திருந்தாள், முழங்கால் உயரம் வந்திருந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, வரப்பிலேயே உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்து, நல்லா எழுதிக்கிறாங்க என்றாள்.

பத்து மாதம், இரண்டு நாட்டு வக்கீல், ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி, கடல் தாண்டி ஒரு கோர்ட், இவ்வளவும் சேர்ந்து அந்தக் காகிதத்தை வரவழைத்திருந்தோம். மேஸ்திரிக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் நடந்த பேச்சில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. சொன்ன தேதியில், சொன்னபடி அது நடந்துவிட்டது.

"அவருக்குச் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டேன்.

"வாங்க ஆளு வந்துட்டாங்கன்னு சொன்னா மேஸ்திரி வுட்டுடுவாருங்க, நல்ல ஆளுதான்," என்றாள். "டெய்லி போட்டுப் பாக்கறேன். போன பதினஞ்சு நாளா ரெண்டு பேரு போனும் ஆஃப்ல இருக்குது."